நேர்முகம்

செவ்வாய் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.
திங்கள் இரவே
வெள்ளிக் கரண்டிகளைத் துண்டில் சுற்றி
என் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டேன்.
யாருக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து தம்பி ஸ்டாத்திஸ்
பதினேழு கேள்விகள் அனுப்பியிருந்தான்.
முதுகுவலி உண்டா, சிகரெட் உண்டா,
முன்பிருந்த வீட்டில் ஏன் நின்றுபோனாள்.
செலவில் பாதிதான் அவனுடையது,
கேள்விகள் மொத்தமும் அவனுடையவை.

தெசலோனிக்கியில் அன்று கடல்காற்று.
எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை.
ஐந்து மாடி ஏறி வந்தவள்
மூச்சிரைப்பை மறைக்க
கால்மிதியைப் படிப்பதுபோல் நின்றாள்.
பெயர் லமாரா. ஜார்ஜியாக்காரி.
அங்கே ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள்.
என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

"போன வீட்டில் ஏன் நின்றுவிட்டீர்கள்?"
"நான் நிற்கவில்லை.
அந்தம்மாவுக்கு மூச்சு நின்றது."

பிறகு அவள் கேட்டாள்.
என் கட்டில் எங்கே.
அந்த அறைக்குக் கதவு உண்டா.
அடிப்பாரா.
இரவில் எத்தனை தடவை எழுவார்.
வியாழன் மதியத்திலிருந்து எனக்கு ஓய்வு
(இதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை).
தம்பியின் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது.
அப்பா.
பைஜாமாச் சட்டையின் மேல் டை,
தண்ணீர் தொட்டு வாரிய தலை,
கையில் சான்றிதழ்போல் ஒரு மின்சார பில்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து,
"மன்னிக்க வேண்டும், பஸ் கிடைக்கவில்லை" என்றார்.

எழப் போனேன்.
லமாரா என்னைப் பார்க்கவே இல்லை.
கைப்பையைத் திறந்து பேனா எடுத்தாள்.

"பெயர்?"
"ப்ரோத்ரோமோஸ். துறைமுகச் சுங்கம், முப்பத்தொன்பது வருஷம்."
"என்ன தெரியும்?"
"எடை தெரியும். புகையிலைப் பொதியோ, உலர்ந்த அத்திப்பழமோ,
தராசில் ஏற்றுமுன் சொல்லிவிடுவேன்."
"சூப் குடிப்பீர்களா?"
"உப்பு இருந்தால்."
"குளிக்கும்போது இன்னொருவர் கை பிடிக்கலாமா?"
அவர் டையைச் சரிசெய்தார்.
"வேலைக்கு அவசியமென்றால்."
"இரவில் எழுந்தால் என்னைக் கூப்பிடுவீர்களா?"

ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது.
"முயற்சி செய்வேன். உறுதி தர மாட்டேன்."

இரண்டு வருஷமாக
மருத்துவர், நான், தம்பி
யாருமே இவ்வளவு நேராகப் பேசியதில்லை.

"திங்கட்கிழமை சேருங்கள்" என்றாள் லமாரா.
"சம்பளம்?"
இப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.
"இருவருக்கும் ஒன்றே" என்றேன்.
எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்.

முதல் தேதிதோறும் இரண்டு உறை கொண்டுபோகிறேன்.
அவருடையதில் ஐந்து யூரோத் தாள்கள் சில.
எச்சில் தொட்டு எண்ணுகிறார்,
ஒரு தாள் குறைகிறது என்கிறார்,
சில மாதம் உண்மையிலேயே குறைந்திருக்கிறது.
திங்கள் முதல் புதன்வரை குளிக்கிறார், சூப் குடிக்கிறார்,
கடமை தவறாத உத்தியோகஸ்தர்.

கரண்டிகள் இன்னும் காரில்தான்.
எடுத்துவைத்தால் அவள் கேட்பாள்,
இத்தனை நாள் எங்கே இருந்தன என்று.
ஒவ்வொரு வளைவிலும் பின்னால் கிணுகிணுக்கின்றன.

வியாழன் மதியம் லமாரா
உதட்டுச்சாயம் பூசி இறங்கிப் போவாள்,
ஜார்ஜியப் பெண்கள் கூடும் பூங்காவுக்கு.
நான் மேலே ஏறுவேன்.
அவரும் கோட்டு மாட்டி உட்கார்ந்திருப்பார்.
"இன்று எனக்கும் லீவு" என்பார்.
மாத்திரை வேண்டாம். துணி மாற்ற வேண்டாம்.

போன வாரம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு,
எதிர் நாற்காலியைக் காட்டினார்.
உட்கார்ந்தேன்.
கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"முன் அனுபவம் உண்டா?" என்றார்.